ரெண்டு பாக்கெட் உப்பு

"உப்பே இல்லப்பா."

ட்ரேசி கரண்டியைத் தட்டில் போட்டாள். சத்தம் கேட்கட்டும் என்றுதான் போட்டாள்.

அலெக்சாண்டர் எழுந்துபோய் உப்பு டப்பாவை எடுத்துவந்தார். இரண்டு விரலால் கிள்ளி அவள் ரசத்தில் போட்டுக் கலக்கினார்.

"இப்ப?"

"அதேதான். சுடுதண்ணி குடிக்கிற மாதிரி இருக்கு. சமைச்சுப் பழகுறதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

"உப்பு சரியில்ல போல. நாளைக்கு வேற வாங்கிட்டு வாரேன்."

உப்பு சரியில்லையாம்! சமைக்கத் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டியதுதானே?

பல்லுக்குக் கம்பி கட்டி இரண்டு மாதம். ஈறு வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. கிருமியைக் கொல்லும் பற்பசை ஒன்றும், வாய் கொப்பளிக்கச் சிவப்பு மருந்து ஒன்றும் கொடுத்து, "ரெண்டு வாரம், காலையில ஒருக்கா, ராத்திரி ஒருக்கா" என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் ஒரு வேளைகூட விடவில்லை. எதை மென்றாலும் வலி. அதனால் சாப்பாட்டுக் கடைப் பக்கமே போவதில்லை. அப்பா குழைய வடிக்கிற சோறும் ரசமும்தான் கதி.

அம்மாவைப் புதைத்துப் பத்து மாதம் ஆகிறது. பள்ளிக்கூடம் முடிந்து கூட்டாளிகள் எல்லாம் கோலாலம்பூர், பினாங்கு என்று போய்விட்டார்கள். ஈப்போ, புந்தோங் வீட்டில் மிச்சம் இருப்பது இரண்டே பேர். அப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். காலை டிரிப் முடிந்ததும் வந்து சமைப்பார். சாப்பிடும் முன் ஜெபம் சொல்வார், அவள் "ஆமென்" என்பாள். அப்புறம் தலைக்கு மேலே சுற்றும் காற்றாடிச் சத்தம் மட்டும்தான். இந்த உப்புத் தகராறு வரும்வரை அப்படித்தான் இருந்தது.

மறுநாள் மேசையில் புது பாக்கெட்.

"கல்லுப்பு. பாசார்ல போய் வாங்கினேன்."

ஒரு வாய் வைத்தாள். "மண்ணு மாதிரி இருக்கு."

அவர் சிரித்தார். ட்ரேசிக்கு அதுதான் ஆத்திரம். திட்டு வாங்கிக்கொண்டு யாராவது சிரிப்பார்களா?

அடுத்த வாரம் இன்னொரு பாக்கெட். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது.

"இது இமயமலை உப்பாம்லா. கடைக்காரன் சொன்னான்."

"மலையில எப்படிப்பா உப்பு வரும்? உங்க மூஞ்சியப் பாத்ததும் ஏமாத்திட்டான்."

"அப்படியா? அவனும் அங்க போயிருக்க மாட்டான்லா?"

"அவன் ஈப்போவத் தாண்டியிருக்க மாட்டான். போய்த் திருப்பிக் குடுங்க!"

"பாக்கெட்டப் பிரிச்சாச்சே."

"பிரிச்சா என்ன? ருசியே இல்லன்னு சொல்லுங்க."

அன்றைக்குக் கால்மணி நேரம் உப்புச் சண்டை. அலெக்சாண்டர் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார். இந்தச் சப்பென்ற சோற்றை எப்படித்தான் இறக்குகிறாரோ என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமை பொறுக்க முடியவில்லை.

"நாளைக்குக் கிளினிக் முடிஞ்சதும் நான் கோலா கங்சார் போறேன். சித்தி வீட்டுக்கு."

"எத்தன நாளைக்கு?"

"அங்கயே வேலை தேடிக்கிறேன். சித்தி சோறாவது வாயில வைக்கிற மாதிரி இருக்கும்."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். போகாதே என்று ஒரு வார்த்தை வருமா என்று பார்த்தாள்.

"சரிம்மா. பஸ் நிலையத்துல நானே கொண்டுபோய் விடுறேன்" என்றார்.

சனிக்கிழமை. பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூட பஸ்ஸில் நாற்பது இருக்கை. ட்ரேசி துணிப்பையோடு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். முன்னால் அப்பாவின் பின்னந்தலை மட்டும் சின்னதாகத் தெரிந்தது. பஸ் கிளினிக் வாசலில் போய் நின்றது.

உள்ளே, தாதி அம்பிகை விளக்கைக் காட்டிப் பார்த்தாள்.

"ஈறு நல்லா ஆறிடுச்சு. இனிமே சிவப்பு மருந்து வேணாம்."

"நிம்மதிக்கா. வீட்டுலதான் நிம்மதி இல்ல. எங்க அப்பா சமையல்ல உப்பே இருக்காது."

அம்பிகை சிரித்துவிட்டாள்.

"ஐயோ, அது சமையல் இல்ல பிள்ள, அந்த மருந்து! சிலருக்கு நாக்குல உப்பே தெரியாமப் பண்ணிடும். நிறுத்திட்டா சில நாள்ல சரியாயிடும்."

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"அன்னிக்கே உங்க அப்பாகிட்ட சொன்னேனே. நீ காதுல ஹெட்செட் மாட்டிக்கிட்டு ஃபோனப் பாத்துக்கிட்டு இருந்த. அவரு ரெண்டு தடவ கேட்டு நல்லாத் தெரிஞ்சிக்கிட்டாரு."

ட்ரேசி விறுவிறுவென்று வெளியே வந்தாள். பஸ்ஸில் ஏறியவள் பின்னால் போகவில்லை. டிரைவர் இருக்கைக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"மருந்தாலதான் உப்பு தெரியலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சாவியைத் திருகப் போன அலெக்சாண்டர் நிறுத்தினார்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா தினமும் திட்டு வாங்கினீங்க? தெரிஞ்சுமா கடை கடையா ஏறி உப்பு வாங்கினீங்க?"

அவர் சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டார்.

"முதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா! நான் பாட்டுக்கு ஒண்ணும் பேசாமச் சாப்பிட்டு எழுந்து போயிருப்பேன்!"

"அதனாலதாம்மா சொல்லல."