மூன்று அறை வீடு

நான்காவது தடவையாக அந்தப் பெண் வரிசையில் வந்து நின்றதும், லொரெட்டா ஹ்ரூபிக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது.

"மறுபடியுமா?"

பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அரங்கு முழுக்க மேசைகள். வீட்டுக்கு ஒன்று, காருக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு, காப்பீட்டுக்கு என்று சுவர் ஓரமாக வளைத்துப் போட்டிருந்தார்கள். கடைசி வருட மாணவர்கள் ஆளுக்கொரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதன் ஒரு மாதச் சம்பளம் எழுதிய தாளோடு மேசை மேசையாகப் போக வேண்டும். கடன் இல்லாமல் கடைசி மேசையைத் தாண்டுகிறவர்களுக்கு பீட்சா.

லொரெட்டாவை வீட்டு மேசைக்குக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. ஊரில் நாற்பத்திரண்டு வாடகை வீடுகளை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

வாரம் முழுக்கக் குடித்தனக்காரர்களிடம் மல்லுக்கட்டுகிறவள். இன்றைக்கு அவர்களுடைய பிள்ளைகளிடம்.

காலையில் ஒரு விமானி ஏரிக்கரையில் பங்களா கேட்டுவிட்டுப் போனான். இரண்டு கால்பந்து வீரர்கள் நீச்சல் குளம் கேட்டார்கள். அவர்களையெல்லாம் விரட்டுவது சுலபமாக இருந்தது.

இந்தக் கென்ட்ரா வாசெக்கைத்தான் விரட்ட முடியவில்லை.

முதல் தடவை வந்தபோது அவள் நர்ஸ். கைக்கு வருவது நாலாயிரத்து இருநூறு டாலர். மூன்று படுக்கையறை வீடு கேட்டாள். வாடகை ஆயிரத்து இருநூற்றைம்பது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி, தாண்டவில்லை. கொடுத்தாயிற்று.

அரைமணி நேரத்தில் வேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். இறைச்சி ஆலை. மூவாயிரத்து நூறு.

எல்லாப் பிள்ளைகளும் வேலையை மாற்றினால் மேலே போவார்கள். இவள் கீழே இறங்கியிருந்தாள். அப்போதும் அதே மூன்று அறை.

முடியாது என்று லொரெட்டா சொன்னாள். ஓர் அறை வீடு எழுநூறு டாலர், அதை எடுத்துக்கொள் என்றாள்.

மூன்றாவது தடவை, "கார் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன் மேடம், நடந்தே போயிக்கறேன்" என்று வந்தாள். கணக்கு சம்பளத்தை வைத்துத்தான், செலவை வைத்து இல்லை என்று சொல்லி அனுப்பியதில் லொரெட்டாவுக்குத் தொண்டையே வறண்டுபோயிற்று.

இப்போது சனி, ஞாயிறில் ஓட்டல் சலவை வேலையையும் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நர்ஸாவே இருந்திருந்தா இந்நேரம் பீட்சா தின்னுட்டு இருந்திருப்பே. ஏம்மா கீழ இறங்கினே?"

"அதுக்கு நாலு வருஷம் படிக்கணும் மேடம். ஆலையில பள்ளிக்கூடம் முடிஞ்ச மறு வாரமே சேத்துக்குவாங்க."

"இது வெறும் விளையாட்டும்மா! இதுல நீ தனி ஆளு. தனி ஆளுக்கு எதுக்கு மூணு படுக்கையறை? நாய் வளக்கவா?"

பின்னால் நின்ற பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். "லாட்ஜு வைக்கப் போறா மேடம்!" என்றான் ஒருவன்.

கென்ட்ராவின் காது மடல்கள் சிவந்தன. ஆனால் நகரவில்லை. தாளை மேசையில் வைத்து, விரலால் தேய்த்து நேராக்கினாள்.

மூவாயிரத்து எண்ணூறு. மூன்றில் ஒரு பங்கு ஆயிரத்து இருநூற்று அறுபத்தாறு. பதினாறு டாலர் இடைவெளியில் வீடு அவளுக்குக் கிடைக்கிறது.

எங்காவது தப்பு இருக்காதா என்று லொரெட்டா இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள். இல்லை. பள்ளிக்கூடம் கொடுத்திருந்த ரப்பர் முத்திரையை எடுத்து ஓங்கி ஒரு குத்து குத்தினாள். சிரிக்கிற வீட்டுப் படம் தாளில் விழுந்தது.

"போ. சந்தோஷமா?"

அவள் போகவில்லை. குனிந்து, பையன்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"உங்க ஆபீஸ் முத்திரை இருந்தா அதையும் போட்டுத் தர்றீங்களா? வெள்ளிக்கிழமை நீதிபதிகிட்ட காட்டணும்."

"எந்த நீதிபதி?"

"மார்ச்ல எனக்குப் பத்தொன்பது ஆகுது மேடம், நம்ம மாநிலச் சட்டப்படி மேஜராயிடுவேன். அதுக்கப்புறம், அரசாங்கம் வேற வீடுகள்ல வளக்கக் குடுத்திருக்கிற தம்பியையும் தங்கச்சியையும் நானே வச்சிக்கலாமாம். ஆளுக்கொரு அறை இருந்தாத்தான் அனுப்புவோம்னு குழந்தைகள் நலத்துறை அதிகாரியம்மா சொன்னாங்க."

லொரெட்டா அந்தத் தாளைப் பார்த்தாள். சிரிக்கிற வீட்டை எந்த நீதிபதியும் ஒப்புக்கொள்ளமாட்டார். வேலையில் சேராத பெண்ணுக்கு லொரெட்டாவின் முதலாளியும் சாவி தரமாட்டார். இரண்டும் அவளுக்குத் தெரியும்.

"எல்லாரும் சாப்பாட்டு மேசைக்குப் போங்கடா. அப்புறம் வாங்க" என்று பையன்களை அதட்டினாள்.

பிறகு பையைத் துழாவி, தன் அலுவலகத்தின் உண்மையான வாடகை விண்ணப்பம் ஒன்றை எடுத்து, கசங்கிய மூலையை நீவிவிட்டு, பேனாவோடு நீட்டினாள்.

கென்ட்ரா நின்றபடியே எழுத ஆரம்பித்தாள்.

குடியிருக்கப் போகிறவர்களின் பெயர், வயது, இப்போதைய முகவரி. முதல் வரியில் தன்னுடையது. இரண்டாவதில் டிராவிஸ், பதின்மூன்று, ஒமாஹா நகரத்தில் யாரோ ஒருவர் வீட்டு முகவரி. மூன்றாவதில் பெய்ஜ், எட்டு.

அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"இத மட்டும் விட்டுடலாமா மேடம்? அவள எங்க வச்சிருக்காங்கன்னு எங்கிட்ட சொல்லல."