நேற்று இருந்தபடியே

செல்களை வளர்க்கும் இன்குபேட்டரின் கதவு ஒரு விரல் அளவு திறந்து கிடந்தது.

முப்பத்தேழு டிகிரியில் இருக்க வேண்டிய பெட்டிக்குள் இருபத்தெட்டு. உள்ளே ஆராய்ச்சி மாணவியான அவளுடைய அத்தனை செல் தட்டுகளும்.

“நேத்து கடைசியா இங்கேருந்து போனது யாரு?”

ஆய்வுக்கூடத் தலைவர் இப்படிக் கேட்டால், பதிலை அவரே முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம். சல்லடை என்பது மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர். சின்னப் பிசகு போதும், ஆளைச் சலித்து வெளியே தள்ளிவிடுவார். கதவைச் சரியாகச் சாத்தாத குற்றத்துக்கே ஒருவன் மூட்டை கட்டியிருக்கிறான்.

அவள் கோட்டுப் பைக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவில்லை. பை முழுக்க ஈரம்.

“எல்லாத்தையும் குப்பையில கொட்டும்மா. கொட்டிட்டு நீயும் கிளம்பு.”

போச்சு. மருமகள் டாக்டர் பட்டம் வாங்கப்போகிறாள் என்று மாமியார் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. இனி அந்தத் தெருவில் எப்படித் தலைகாட்டுவது?

அவள் கட்டிக்கொண்டு அழுத புரதத்துக்கும் இதே கதிதான். புதிதாகப் பிறக்கும் புரதம் நூல் மாதிரி நீளமாக வரும்; ஒழுங்காக மடிந்து உருவம் எடுத்தால்தான் வேலைக்கு ஆகும். மடிப்பைச் சரிபார்க்க செல்லுக்குள்ளேயே காவல் உண்டு. இவளுடைய புரதத்தில் பிறவியிலேயே ஒரு சின்னக் கோணல். செல்லின் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் ஓரளவு நன்றாகவே உழைக்கும். காவல் விட்டால்தானே? கோணலைக் கண்டதும் பிடித்து நொறுக்கிவிடும். அதைத் தப்ப வைக்க அவள் போடாத மருந்தில்லை.

கொட்டுவதற்கு முன், போகிற போக்கில், ஒரு தட்டை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தாள்.

“சார்...”

குனிந்த சல்லடை நிமிரவில்லை.

பச்சையாக ஒளிரும்படி அவள் அடையாளமிட்ட புரதம் அது. வழக்கமாக உள்ளேயே மங்கிச் செத்துப்போகும். இன்று ஒவ்வொரு செல்லின் விளிம்பிலும் ஜொலித்தது. மருந்தே போடாத தட்டிலும் அதே ஜொலிப்பு! குளிர்ச்சியில் அவசரமில்லாமல் மடிந்து, காவலுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு வந்து சேர்ந்திருந்தது.

சல்லடையின் குரல் வெண்ணெயாக உருகிவிட்டது. கதவைத் திறந்து வைத்த புண்ணியவான் யாராக இருந்தாலும் கும்பிடு போட வேண்டும் என்றார். நீ எங்கேயும் போக வேண்டாம் என்றார். இன்றைக்கே மறுபடியும் செய்து பார்த்துவிட வேண்டும் என்று இருப்புக் கொள்ளாமல் பரபரத்தார்.

“எல்லாம் நேத்து இருந்தபடியே இருக்கணும்மா. அதே கதவு, அதே இடுக்கு. ஒரு துரும்பு மாறக்கூடாது, ஆமா.”

அவள் சமர்த்தாகத் தலையாட்டினாள். பைக்குள்ளிருந்த கையை மெல்ல வெளியே எடுத்தாள்.

காலையில் அவள் முதல் ஆளாக வந்தபோது கதவிடுக்கில் சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று மாலை மழையில் தொப்பலாக நனைந்தது; அந்த மழையில்தான் சல்லடையும் வீட்டுக்குப் போகாமல் தன் அறையிலேயே தங்கிவிட்டார். அந்தப் பெட்டிக்குள் தண்ணீர்த் தட்டு இருக்கிறது, எதை வைத்தாலும் காயாது. சேர்ந்த முதல் நாளே சல்லடை எல்லோருக்கும் சொல்லித்தருகிற பாடம் அது.

“அப்போ இந்த சாக்ஸையும் அதே இடத்துல மாட்டிடட்டுமா, சார்?”

சல்லடை குனிந்து, ஷூவுக்கு மேலே வெறுமையாகத் தெரிந்த தன் கணுக்காலைப் பார்த்தார்.