அட்டைக்கு உள்பக்கம்

முதல் புத்தகத்தின் அட்டையை நகத்தால் நெம்பினாள். வரவில்லை.

மைதா பசை. அவளே காய்ச்சி, அவளே ஒட்டியது. அன்றைக்கு இவ்வளவு கெட்டியாகக் காய்ச்சியிருக்க வேண்டாம்.

வெளியே பார்த்தால் வெறும் வெள்ளை அட்டை. உள்பக்கம் அவள் மகளின் முகம் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோமதி ஒரு கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்டு போனாள். மறுநாளே கோமதியின் அப்பா நூறு சுவரொட்டி அடித்தார். கண்ணீர் அஞ்சலி. கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த படம். கீழே தோற்றம் என்று ஒரு தேதி, மறைவு என்று ஒரு தேதி.

மறைவுக்கு அவர் போட்டது கல்யாணத் தேதி.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டினார். வீட்டிலிருந்த ஆல்பத்தைக் கொல்லையில் போட்டு எரித்தார். அவள் போனை வாங்கி அதிலிருந்த படங்களையும் ஒவ்வொன்றாக அழித்தார்.

மிச்சச் சுவரொட்டிகள் பரணில் கிடந்தன.

இந்தக் கிளை நூலகத்திலிருந்து எடுத்துப்போகும் புத்தகங்களுக்கு அவள் அதில் அட்டை போட்டாள். முகம் உள்ளே வருகிற மாதிரி பார்த்து மடித்தாள். படிக்கும்போது இடது கை அந்த இடத்தில்தான் இருக்கும். படித்துவிட்டு அட்டையோடே திருப்பிக் கொடுத்தாள். பரணில்தான் அத்தனை இருக்கிறதே என்று ஒரு தைரியம்.

பரணில் இருந்ததைக் கரையான் தின்றுவிட்டது.

இந்த மாதம் கோமதி செத்துப்போனாள். டெங்கு. மூன்றே நாள் காய்ச்சல்.

நாளைக்குப் பதினாறு. காலையில் அவர் நடுவீட்டுச் சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"ஏட்டி, புள்ள படம் ஒண்ணுகூடவா இல்ல?"

மருமகனிடம் கேட்கலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நூலகத்துக்கு வந்துவிட்டாள்.

முதல் புத்தகம் தடித்த நாவல். ஒரு குடும்பம், நான்கு பிள்ளைகள். மூத்தவனைத் தகப்பன் துரத்திவிடுகிறான். கடைசிப் பக்கத்தில் மழை பெய்கிறது, தகப்பனே எழுந்து வந்து கதவைத் திறக்கிறான். படித்தபோது அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

இப்போது அந்த எழுத்தாளர் மேல் ஆத்திரமாக வந்தது. முந்நூறு பக்கத்தில் எவ்வளவு லேசாகத் திறந்துவிட்டார்.

இன்னும் கொஞ்சம் அழுத்தி நெம்பினாள். நெற்றியும் ஒரு கண்ணும் புத்தகத்தோடு நின்றுகொண்டன. மீதி கையோடு வந்தது.

அதை அப்படியே திரும்ப வைத்து, உள்ளங்கையால் தடவி மூடினாள்.

இரண்டாவது புத்தகம் மதம் மாறிய ஒரு பெண்ணைப் பற்றியது. பெயரும் மாறிவிடுகிறது. பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதா வேண்டாமா என்று புத்தகம் முழுக்கத் தவிக்கிறாள். படித்தபோது அவளுக்கு அலுப்பாக இருந்தது. ஒரு பெயருக்கா இத்தனை பக்கம் என்று நினைத்தாள்.

தகவல் தெரிந்து ஐந்தாம் நாள் கல்லறைக்குப் போனார்கள். ஈர மண்ணில் ஒரு மரச்சிலுவை. அதில் ஜாய்ஸ் என்று எழுதியிருந்தது.

வேறு யாருடையதோ என்று அவர் அடுத்த குழியைத் தேடிப் போனார்.

அவள் நகரவில்லை. கோமதி என்று கூப்பிட நினைத்தாள். இந்தப் பெயருக்கு இனி அவள் திரும்புவாளா என்று தெரியவில்லை.

இந்த அட்டையில் முகம் இருந்த இடத்தைப் பூச்சி அரித்திருந்தது.

மூன்றாவது சின்னப் புத்தகம். ஒரு கோயில் பூசாரிக்குச் சாமி மேல் நம்பிக்கை போய்விடுகிறது. ஆனாலும் தினமும் விளக்கேற்றுகிறார். ஏன் என்று அவருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. அதனால் இரண்டு முறை படித்தாள்.

உயிரோடு இருக்கிறவர்களைச் செத்துப்போனதாகச் சொன்னால் ஆயுசு கூடும் என்பார்கள். அவள் அதை நம்பினாள். சுவரொட்டிக் கட்டு வீட்டுக்கு வந்த அன்று அவர் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். போகட்டும், பிள்ளைக்கு ஆயுசு கூடட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தாள். ஊர் முழுக்க ஒட்டியிருக்கிறதே, நூறு வயது இருப்பாள் என்றுகூட நினைத்தாள்.

பாவி, நினைத்தாளே.

மூன்றாவதுக்குப் பசை தீர்ந்து போயிருந்தது. வெறுமனே மடித்துச் செருகியதுதான். இழுத்ததும் வந்துவிட்டது.

மேசைமேல் விரித்தாள். முகம் முழுசாக இருந்தது. பொட்டுகூட அழியவில்லை. படம் எடுக்கிறவன் சிரிக்காதே என்று சொல்லியிருப்பான், அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

நூலகர் செல்வராணி பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு வருஷமாக இந்த வெள்ளை அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள். உள்ளே என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

"கீழ மறைவுன்னு போட்டிருக்கதை மட்டும் வெட்டிருவோம்க்கா. அது பழைய தேதில்லா."

அவள் அந்தத் தேதியின் மேல் விரலை வைத்தாள்.

"இருக்கட்டும்" என்றாள். "இப்படியே கண்ணாடி போட்டு அவரே நடுவீட்ல மாட்டட்டும்."

முகத்தில் மடிப்பு விழாமல் சுருட்டிக்கொண்டாள். ஃப்ரேம் கடைக்காரர் ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிடுவார். அவள் வேகமாக நடந்தாள்.