கடலுக்கு முதுகைக் காட்டு

“கடலப் பாத்து நடக்காதன்னு சொல்லுதேன்லா! முதுகக் காட்டி நில்லுட்டி!”

காசிராஜன் போனில் போட்ட கூச்சலுக்குத் தெருவில் மூன்று வாசல் கதவுகள் திறந்தன. சங்கரன்கோவிலில் ஏது கடல் என்று புதிதாய்க் குடிவந்தவர்கள்தான் திகைப்பார்கள், நமக்குப் பழக்கம்.

“பிள்ளைய ஏன் இப்படி விரட்டுதிய?” அடுக்களையிலிருந்து அவர் மனைவி கோமதித்தாயும் சத்தம் போட்டாள்.

“வழி தெரியாதவளுக்கு வழி சொல்லுதேன். ஒனக்கென்ன?”

மகள் சுமதி தன்னிஷ்டத்துக்குக் கல்யாணம் முடித்து, வேல்ஸ் நாட்டில் வாயில் நுழையாத பேருள்ள ஒரு கடற்கரை ஊருக்குப் போய் நாலு வருடம். ‘அவளோடு பேச்சு கிடையாது, என் வாசலை மிதிக்கவும் கூடாது’ என்று கோமதியம்மன் சன்னதியில் சத்தியம் செய்திருந்தார் மனிதர். அப்புறம் ஒருநாள் அவள் வழி தவறி அழுதுகொண்டே போன் போட்டாள். வழி சொல்வது பேச்சில் சேராது என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவள் வாரம் தவறாமல் தொலைந்துபோனாள். இவரும் செல்போன் மேப்பில் அந்த ஊரைச் சந்து சந்தாக அளந்துவிட்டார். நாலு வருடமாகியும் ஒருத்திக்கு பேக்கரி எங்கே என்று தெரியாதா என்று தெருவே சிரித்தது. அவர் மட்டும் சிரித்ததில்லை.

இன்று மறுமுனையில் வெறும் ‘ம்’தான். ஸ்பீக்கரில் வழக்கமாகக் கத்தும் கடல்பறவைகளையும் காணோம். பஸ் ஹாரன் காதைப் பிளந்தது.

“அங்கனயும் இப்படித்தான் ஹாரன் அடிக்கானுவளா?” என்று முகம் சுளித்தார். “சரி, கேளு. பேக்கரியில எடது கைப்பக்கம் திரும்பு. மேடு ஏறு. நீலக் கதவு. அதான் ஒன் வீடு.”

“அங்க இனிமே போக முடியாதுப்பா.”

“ஏன், ரோட்டத் தோண்டிப் போட்டிருக்கானா?”

“அவரு என்னை வேண்டாம்னுட்டாரு. வேற ஒருத்தியக் கெட்டிக்கிட்டு வேற ஊருக்கே போயிட்டாரு.”

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது.

காசிராஜனின் விரல் மேப்பில் அந்த நீலக் கதவின் மேலேயே கிடந்தது. என்னென்னவோ கேட்க வாயெடுத்தார். சத்தியம் குறுக்கே நின்றது. கடைசியில், கேட்க அனுமதியுள்ள ஒரே கேள்வியைக் கேட்டார்.

“இப்ப எங்கன நிக்க?”

“நம்மூரு பஸ் ஸ்டாண்டுல. நம்ம வீட்டுக்கு எப்படிப்பா வரணும்?”