சுவரில் விழுந்த விரிசல்

போன ஆடி வெள்ளியன்று, கூழ் ஆறும்வரை என் நாத்தனார் சுகந்தி சொன்ன கதை இது.

ஒரு வீட்டு நிலவறையில் கான்கிரீட் சுவர் ஒன்று இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல், பழசைச் சுரண்டாமலே அதன்மேல் எண்ணெய்ப் பெயிண்ட் பூசுவார்கள். உள்ளே ஈரம் கோத்து, சுவர் புழுங்கிக்கொண்டே கிடந்தது.

ஒரு நாள் கம்பி பிரஷ் வந்தது. சுவர் நடுங்கிப்போனது.

"வேண்டாம் அண்ணே! என் உடம்பெல்லாம் விரிசல். நாலு பேர் பார்த்தால் இடித்துப்போடச் சொல்வார்கள்."

"ஆமாம், இவள் மானத்தை நான்தான் காக்கிறேன்," என்றது பெயிண்ட், கொப்புளத்தை உப்பிக்கொண்டு.

"நீ காக்கிற லட்சணம்தான் நாறுகிறதே!" என்று சிரித்த பிரஷ், "கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி," என்று தேய்க்கத் தொடங்கியது.

பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சுவர் பயந்துகொண்டே தன்னைப் பார்த்தது. இருந்தது ஒரே ஒரு விரிசல், அதுவும் தலைமுடி கனம். மற்றதெல்லாம் பெயிண்டில் விழுந்த வெடிப்பு; பெயிண்டோடே போய்விட்டது.

"அட, இவ்வளவுதானா அண்ணே?"

"இவ்வளவேதான்."

எத்தனையோ வருஷம் கழித்து, சுவர் நிம்மதியாக மூச்சு விட்டது. ஈரம் மெல்ல மெல்ல வெளியேறியது.

உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், உடனே அடுத்த பூச்சைப் பூசிவிடாதீர்கள். நாலு நாள் காயட்டும்.