ஐஸ் பெட்டிக்குள் ஓர் ஒளி உணரி

14 செப்டம்பர் 2024, சனிக்கிழமை. மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் காலை மழை ஓய்ந்து, வெயில் சுள்ளென்று அடித்தது.

ஓய்வு பெற்ற காளிதாசன், மாலை நேர மின்னணு வகுப்பில் கற்றவாறு தமது முதல் ஒளி உணரியைச் செய்து முடித்து, அதனை ஐஸ் பெட்டி எனும் குளிர்சாதனப் பெட்டிக்குள் பொருத்தினார்.

“கதவைத் திறந்தா உள்ளே லைட் எரியும். வெளிச்சம் பட்டதும் இந்த நாட் கேட் சில்லு பஸரைக் கத்த வைக்கும்லா!” என்று மனைவி ரமணியிடம் விளக்கினார்.

“லட்டுத் திருடன் மாட்டிக்குவானா?”

“மாட்டாம எங்கே போவான்? பஸரை அணைக்கிற சுவிட்சை எங்கேயாவது ஒளிச்சு வை. என்கிட்டகூடச் சொல்லாதே.”

“பாவங்க, வயசான மனுஷன்.”

“பாவம் பார்த்தா, திங்கட்கிழமை கிளினிக்கில இன்சுலின் ஊசி போட ஆரம்பிச்சிடுவாங்க! இனிப்பு நீர் நோய் உள்ளவனுக்கு லட்டு எதுக்கு?”

பிற்பகலில் ரமணி வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பஸர் அலறியது. ஈரத் துணியுடன் உள்ளே ஓடினார்.

அவ்வீட்டில் வசிப்பவர்கள் இருவரே. ரமணியோ வெளியே இருந்தார். திறந்த ஐஸ் பெட்டியின் முன், கையில் லட்டுடன் காளிதாசன் குதித்துக்கொண்டிருந்தார்.

“ரமணி, வேலை செய்யுதுலா! கை தானாப் போச்சு, என்னையே பிடிச்சிருச்சு!”

“ஐயோ, விஞ்ஞானி! முதல்ல லட்டை வைங்க!”

ரமணிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது. காளிதாசன் லட்டை முழுதாகத் திருப்பி வைத்து, கதவைச் சாத்தினார். உள்ளே இருள் சூழ்ந்ததும் பஸர் அடங்கியது. அப்போது மணி சரியாக 3.42.