கடைசி மூன்று விநாடி

அண்ணன் இறந்து பதினான்கு நாளும் ஆறு மணி நேரமும் ஆகின்றன. நாளை பதினாறாம் நாள் விசேஷம், அதில் அவன் குரலைப் போட வேண்டும். ஜன்னலுக்கு வெளியே கரிசல் வெடித்துக் கிடக்கிறது. சாம்பல் வெளிச்சம் லேப்டாப்பின் மேல் விழுகிறது. நொறுங்கிய அவன் போனின் மெமரி கார்டில் மிஞ்சியது ஒரே ஒரு அழைப்பின் பதிவு. திரையில் அவன் குரல் பச்சை அலையாக நிற்கிறது. முதல் இரண்டு விநாடி, எதிர்முனையின் கேள்வி. அது அடங்கித் தொடங்க, பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை ஏறும் எண்களால் பெருக்குகிறேன். கடைசி மூன்று விநாடியில் அவன் ஒரு பெயரைச் சொல்கிறான். அது தேய்ந்து மறைய, ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும் எண்களால் பெருக்குகிறேன். நிரல் நாலே வரி. அலையின் வால் மெலிந்து கோடாகிறது. அண்ணன் மனைவி செல்வமாரி ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி பக்கத்தில் உட்காருகிறாள். "பிசிக்ஸ் படிச்சவ நீ, ரெண்டு நாளா ஒரு சத்தத்தோட மல்லுக்கட்டுதே. போடு, கேப்போம்." குரல் மெல்ல எழுகிறது. "எட்டயபுரம் ரோட்ல வாரேன். சேவு வாங்கியிருக்கேன். செல்வமாரி கண்ணுல பட்டா ஒரே நாள்ல தீத்துருவா, ஒளிச்சு வை..." மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சிரிப்பு பாதியில் நிற்கிறது. "வண்டி ஓட்டையில பேசுனதா இது? இந்தப் பேச்சுதான அவியள லாரியில கொண்டு மோத விட்டுச்சு. கடைசில யாரையோ கூப்பிடுதாவளே, சத்தத்தை ஏன் கொறச்சே?" நான் லேப்டாப்பின் மூடியைத் தாழ்த்துகிறேன். மின்விசிறி கிரீச்சிடுகிறது. "யாரு பேருட்டி அது?" அவள் என் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். "என் பேருதான் மதினி. வர நேரமாகுமான்னு நான்தான் கூப்பிட்டேன்."